காலை நீட்டச் சொன்னேன்

கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் ரேடியாலஜிஸ்ட். திசுவின் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராஃபி வசதியோடு மெஷின் வாங்கியதே கல்லீரலுக்காகத்தான். கொழுப்பு படிந்த ஈரல், குடியால் கெட்ட ஈரல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கெண்டைக்காலை அளக்கலாம் என்ற யோசனை எங்களுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டுடையது. குறுவை நடவு தொடங்கினால் அவரிடம் கால்வலிக் கூட்டம் கூடிவிடும். நாளெல்லாம் குனிந்தபடி பின்னாலேயே நகர வேண்டும், சேற்றில் புதைந்த காலை ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கி வைக்க வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்? "இறுகியிருப்பது ஆடுசதையா, மேலே இருக்கிற ஃபேசியாவா, பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

ஃபேசியா வேறொன்றும் இல்லை. கறி வெட்டும்போது சதையைப் போர்த்திக்கொண்டு வெள்ளையாக உரிந்து வருமே ஜவ்வு, அதுதான்.

மெஷினை வயல் பக்கமே கொண்டுபோக அவருக்கு ஆசை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி, பதிவு செய்த கட்டடத்தை விட்டு எங்கள் மெஷின் வெளியே போகக் கூடாது. ஆகவே கால்தான் மெஷினைத் தேடி வந்தது.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருஷம் அது. ஆனி கடைசியில் அந்த அக்கா வந்தார், நகக்கண்ணில் சேறு போகாத காலோடு. சுவரில் இருந்த பாலினம் சொல்லமாட்டோம் போர்டைப் படித்துவிட்டு, "கால்ல என்ன புள்ளையா இருக்கப்போவுது டாக்டரம்மா" என்று சிரித்தார். குப்புறப் படுக்கவைத்து அளந்தேன். இடது கால் திரையில் நீலம். வலது கால் சிவப்பு. 'வலது ஆடுசதையிலும் அதன் உறையிலும் இறுக்கம் அதிகம்' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

மெஷின் செய்வது இதுதான். ஒலியாலேயே சதைக்குள் ஒரு தள்ளு கொடுக்கும். அதில் எழும் அதிர்வு பக்கவாட்டில் பரவும். ஸ்கேன் ஒலி உடம்புக்குள் விநாடிக்கு 1540 மீட்டர் ஓடும் என்றால், இந்த அதிர்வு சதையில் ஓடுவது சில மீட்டர்தான். இறுகிய இடத்தில் வேகம் கூடும். அந்த வேகத்தின் வர்க்கத்திலிருந்து, இறுக்கத்தைச் சொல்லும் கிலோபாஸ்கல் கணக்கு வரும். விநாடிக்கு 2 மீட்டர் என்றால் 12, 4 மீட்டர் என்றால் 48. அதனால் வேகத்தில் சிறிய வித்தியாசமும் திரையில் பூதாகாரமாகத் தெரியும்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தபோது ஒரே காலில், ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. முதலில் என் கையைச் சந்தேகப்பட்டேன். 1991-இல் ஓஃபிர் என்ற ஆய்வாளரின் குழுவினர் எலாஸ்டோகிராஃபியைக் கொண்டுவந்தபோது வெளியிலிருந்து அமுக்கித்தான் பார்த்தார்கள். இப்போதைய மெஷினுக்கு அமுக்கவே கூடாது, அமுக்கினால் எண் ஏறிவிடும். ஜெல்லை இட்லி மாவு மாதிரி கெட்டியாக ஊற்றி, காலில் வைத்து அளக்கும் ப்ரோபை அதன் மேல் மிதக்கவிட்டேன். சதைநாரின் நீளவாக்கில் வைத்தேன். சிவப்பு குறைந்தது, போகவில்லை.

அப்புறம்தான் பாதத்தைப் பார்த்தேன். கட்டில் விளிம்புக்கு வெளியே தளர்வாகத் தொங்க வேண்டிய பாதம், விரல்கள் மடங்கி, விறைப்பாக ஒதுங்கி நின்றது. "தளர விடுங்கக்கா" என்றேன். "உங்க மேல பட்டுரும்மா" என்றார். நான் உட்காருவது வலது பக்கம்! நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அளந்தேன். இப்போது இடது கால் சிவப்பு.

என் சமாதானம் எதுவும் எடுபடவில்லை. எங்கள் ஆயாம்மா நடவுக் கூலி இப்போது எவ்வளவு என்று பேச்சுக் கொடுத்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, நடவு மெஷின் வந்து பாதி வேலையைப் பறித்த கதையைச் சொல்லத் தொடங்கினார். பேச்சு சூடேற ஏற, கால் தன்னை மறந்து தொங்கியது. இரண்டு காலும் நீலம்.

ஜவ்வு விஷயத்தில் என் பிழை இன்னும் பெரிது. அது சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அவ்வளவு மெல்லிய தகட்டுக்குள் அதிர்வு வேறு விதமாக ஓடும், அந்த வர்க்கக் கணக்கு அங்கே பொருந்தாது. பொருந்தாவிட்டாலும் மெஷின் ஒரு எண்ணைக் கூசாமல் காட்டும். இப்போதெல்லாம் நான் ஜவ்வுக்குக் கிலோபாஸ்கல் எழுதுவதில்லை. தடிமன் எவ்வளவு, பாதத்தை ஆட்டும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றனவா, அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் போட்டு முதல் ரிப்போர்ட்டை மறந்துவிடச் சொன்னேன். "எண் கிடக்கட்டும், வலி வலிதானே" என்றார். அக்காவிடம் புது ரிப்போர்ட்டைக் கொடுத்து, போன தடவை நான் தப்பாக எழுதிவிட்டேன், இறுக்கம் ஒன்றும் இல்லை என்றேன். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார். முதலாவதை வீட்டில் காட்டியிருக்கிறார். ஜவ்வு இறுகிப்போச்சு என்று எழுத்தில் இருந்ததால் நாலு நாள் யாரும் வயலுக்குக் கூப்பிடவில்லையாம்.

புதியதை மேஜையில் வைத்துவிட்டு, "பழசையே வச்சுக்கிறேனே டாக்டரம்மா" என்றார்.