வழுக்கி விழுந்தவர்கள்

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பியிருந்தான். இருபது வயதைத் தாண்டியிராத ஓர் இளைஞன் வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டுடன் மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கட்டின் வெள்ளை இன்னும் அழுக்குப்படவில்லை. வழிப்பறி வழக்கில் பிடிபட்டவன் என்றும், "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாராம், பாவம்" என்றும் கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். சிங்கப்பூரின் செங்காங்கில் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்த நானும் ஒரு நொடி புன்னகைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் புன்னகை வீடு வந்து சேர்வதற்குள் உறுத்தத் தொடங்கிவிட்டது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது கொதித்தெழுந்து பக்கம் பக்கமாக எழுதிய அதே குழு இது.

தமிழில் இந்த விஷயத்துக்கு எத்தனை செல்லப்பெயர்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். 'கவனிப்பு', 'முட்டிக்கு முட்டி தட்டுவது', 'லாடம் கட்டுவது', 'விசாரிக்கிற விதத்தில் விசாரிப்பது'. கடைசியில் இருப்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ஏனெனில் கடுமையான விசாரணை முறைகளைச் சட்டத்தால் தடைசெய்வது பற்றி அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த வாதம் முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு சொற்றொடரைச் சுற்றித்தான் நடந்தது.

அங்கே சித்திரவதை ஏற்கனவே குற்றம்தான். ஐநா சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையை அந்நாடு ஏற்றிருந்தது, அதற்கெனத் தனிச் சட்டமும் இருந்தது. ஆகவே 2002 ஆகஸ்டில் நீதி அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் தொடாமல், சொல்லைத் தொட்டார்கள். உறுப்பு செயலிழப்புக்கோ மரணத்துக்கோ நிகரான வலி இருந்தால்தான் அது சித்திரவதை, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வேறு என்று ஒரு குறிப்பாணையில் எழுதினார்கள். அந்த 'வேறு'க்கு 'மேம்படுத்தப்பட்ட விசாரணை உத்திகள்' என்று பெயர். முகத்தைத் துணியால் மூடி நீரூற்றி மூச்சுத் திணறவைப்பதும், நாள்கணக்கில் தூங்கவிடாமல் நிற்கவைப்பதும் அந்தப் பெயருக்குள் அடங்கின. அபு சுபைதா என்ற கைதிக்கு ஒரே மாதத்தில் 83 முறையும், காலித் ஷேக் முகமதுக்கு 183 முறையும் அவ்வாறு நீரூற்றப்பட்டது என்பது பின்னர் வெளியான அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது.

அந்தக் குறிப்பாணை துணைக்கு அழைத்துக்கொண்ட தீர்ப்புகளில் ஒன்று ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையினர் 14 பேரைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைக்கு முகமூடியிட்டு, இடைவிடாத இரைச்சலில், உறக்கமும் போதிய உணவும் தராமல் விசாரித்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் பிரதமர் ஹீத் இந்த ஐந்து முறைகளும் இனிப் பயன்படுத்தப்படா என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இவை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் செயல்கள், ஆனால் சித்திரவதை என்ற அளவை எட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் நீதிபதிகள் நுணுக்கமாக இழுத்த அந்தக் கோட்டை, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் ஒருவர் அனுமதிச் சீட்டாகப் படித்தார். சட்டம் எழுதுகிறவர்கள் தூக்கம் தொலைக்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005 அக்டோபரில் கைதிகளைக் கொடூரமாகவும் இழிவாகவும் நடத்துவதைத் தடைசெய்யச் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கொண்டுவந்த திருத்தம் செனட்டில் 90க்கு 9 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அவர் ஹனோயில் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்து அடிபட்டவர். தன் படைப்பிரிவில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டு வதைத்தபோது, ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்களுடைய பெயர்களைச் சொல்லித் தப்பித்ததாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். விசாரித்தவர்களும் திருப்தியாக எழுதிக்கொண்டு போனார்களாம். அடித்தால் வாய் திறக்கும். திறந்த வாயிலிருந்து வருவது உண்மைதானா என்பதை அடித்தவனால் அறிய முடியாது. அந்தத் திருத்தத்திலிருந்து சிஐஏவுக்கு விலக்கு வேண்டும் என்று துணை அதிபர் செனி மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனால் டிசம்பர் இறுதியில் கையெழுத்திட்ட அதிபர் புஷ், படைத்தலைவர் என்ற முறையில் தமக்குள்ள அதிகாரத்துக்கு இசைவாகவே இச்சட்டத்தைப் பொருள்கொள்வதாக ஒரு குறிப்பையும் சேர்த்து வெளியிட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதுபோல.

2008இல், சிஐஏவும் ராணுவத்தின் விசாரணைக் கையேட்டில் உள்ள முறைகளைத் தாண்டக்கூடாது என்ற மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது; புஷ் அதை வீட்டோ செய்தார். அந்த மசோதாவுக்கு எதிராக செனட்டில் வாக்களித்தவர்களில் மெக்கெய்னும் ஒருவர். சிஐஏவை ராணுவக் கையேட்டுக்குள் அடைக்கக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அது அவர் அதிபர் தேர்தலில் நின்ற ஆண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2009 ஜனவரியில், பதவியேற்ற இரண்டாம் நாளே ஒபாமா ஆணையிட்டு அம்முறைகளை நிறுத்தினார். ஆனால் ஓர் அதிபரின் ஆணையை அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் அழித்துவிடலாம். 2014 டிசம்பரில் செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கைச் சுருக்கம் வெளிவந்தது. சிஐஏ பிடித்துவைத்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்று அது கண்டது. இம்முறைகள் பயன் தந்ததாகச் சிஐஏ காட்டிய உதாரணங்களையும் அது ஏற்கவில்லை. சிஐஏ அதை மறுத்தது. 2015இல்தான் மெக்கெய்னும் செனட்டர் ஃபைன்ஸ்டைனும் இணைந்து கொண்டுவந்த திருத்தம் 78க்கு 21 என்று நிறைவேறி, கையேட்டில் இல்லாத முறை எதுவும் கூடாது என்பது சட்டமாயிற்று. மறு ஆண்டே டிரம்ப் நீரூற்றும் முறையையும் அதைவிடக் கொடியவற்றையும் திரும்பக் கொண்டுவருவேன் என்று மேடைகளில் முழங்கினார். ஒரு பெட்டி சிகரெட்டும் இரண்டு பீரும் கொடுத்தால் அதைவிட அதிகம் தெரிந்துகொள்வேன் என்று ஜெனரல் மாட்டிஸ் தம்மிடம் சொன்னதாக, தேர்தலில் வென்ற பிறகு அவரே பத்திரிகைக்குத் தெரிவித்தார்.

இந்த வாதத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. நகரத்தில் எங்கோ ஒரு வெடிகுண்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வைத்தவன் உங்கள் கையில் இருக்கிறான், என்ன செய்வீர்கள்? அந்தக் கேள்வி, கையில் இருப்பவன்தான் வைத்தவன் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்கிறது. அதற்கான பதிலை நான் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஆர்ச்சர்ட் ரோடு தொடங்கும் இடத்தில், இப்போது ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கும் மனையில், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் கெம்பெய்த்தாய் எனும் ஜப்பானிய ராணுவக் காவல்படையின் கிழக்கு வட்டாரத் தலைமையகம் இருந்தது. 1943 செப்டம்பரில் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்து மூழ்கின. சாங்கிச் சிறையில் இருந்த ஐரோப்பியக் கைதிகள்தான் வெளியாட்களைக் கொண்டு செய்திருக்க வேண்டும் என்று கெம்பெய்த்தாய் முடிவுகட்டியது. அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கி 57 பேரைப் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் வதைத்தார்கள். நீரூற்றி மூச்சுத் திணறவைப்பதும் அதில் அடக்கம். 15 பேர் இறந்தார்கள். கப்பல்களை வெடிக்கவைத்தவர்களோ ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் வந்து, இரவில் துடுப்புப் போட்டுக் கண்ணிவெடிகளைப் பொருத்திவிட்டுத் திரும்பிப்போன கமாண்டோக்கள். கைதிகளுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. 1946இல் இங்கு நடந்த போர்க்குற்ற விசாரணையில் 21 பேர் குற்றஞ்சாட்டப்பட்டு எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நினைவுக் குறிக்கல்லுக்கு அருகில் போக்குவரத்து விளக்கு மாறுவதற்காக எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். யாரும் நின்று படிப்பதைப் பார்த்ததில்லை, நானும் ஒரே ஒரு முறைதான் படித்தேன்.

நம் மொழிக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 1855இல் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணை ஆணையம் அளித்த அறிக்கையில், ஆங்கிலத்துக்கு நடுவே இரண்டு தமிழ்ச் சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று கிட்டி, விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள், கழுத்திலிருந்து கால் விரலுக்குக் கயிறு கட்டி, ஆளைக் குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது. பெரும்பாலும் நிலவரி பாக்கிக்காக ரயத்துகளுக்கு, அதாவது குடியானவர்களுக்கு, செய்யப்பட்டவை இவை. பழியை உள்நாட்டு ஊழியர்கள் தலையில் போட்டு வெள்ளைக்கார அதிகாரிகளை அந்த ஆணையம் அழகாகத் தப்பவைத்தது என்பது தனிக்கதை. ஐந்து ஆண்டுகளில் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. 'ஏ' என்னும் காவல் அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக 'இசட்' என்பவரைச் சித்திரவதை செய்கிறார், ஆகவே 'ஏ' குற்றவாளி என்று அதில் விளக்கமும் இருந்தது. அதே சட்டம் கடல் தாண்டி, சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்ததால், சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்திலும் 330ஆம் பிரிவு அதுவேதான்.

இந்தியா ஐநா உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையின் தேர்வுக்குழுவுக்குப் போய்ப் பின்னர் காலாவதியானது. சிங்கப்பூர் அதில் கையெழுத்தே இடவில்லை. மறுபுறம், மிரட்டியோ ஆசைகாட்டியோ பெற்ற வாக்குமூலம் இங்கே செல்லாது; 2018இல் நிறைவேறிய சட்டம் விசாரணையைக் காணொளியில் பதிவுசெய்ய வழிசெய்தது. என்னைக் கேட்டால் தடைச்சட்டத்தின் பாதி வேலையைக் கேமராதான் செய்கிறது. கேமரா ஓடும் அறையில் யாரும் வழுக்கி விழுவதில்லை. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1987இல் கைதானவர்களில் ஒன்பது பேர், விடுதலைக்குப் பிறகு, குளிரூட்டப்பட்ட அறையில் மணிக்கணக்கில் நிறுத்தி விசாரித்ததாகவும் அறைந்ததாகவும் மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள். அரசு மறுத்தது, அவர்களில் எட்டுப் பேர் மீண்டும் கைதானார்கள். அந்த அறைகளில் கேமரா இருந்திருந்தால் இரு தரப்புக்குமே நன்றாக இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் சுருக்கிக் குடும்பக் குழுவில் எழுதினேன். பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா மகன் மட்டும் இரவு பதினொரு மணிக்கு எழுதினான்: "அண்ணே, எல்லாம் சரி. உங்க ஊர்ல பிரம்படி இருக்கே, அது மட்டும் என்ன?"

அது விசாரணை முறை அன்று, குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை, மருத்துவ அதிகாரியின் முன்னிலையில்தான் நிறைவேற்றப்படும், அது சித்திரவதை ஆகாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே கூறியிருக்கிறது என்றெல்லாம் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையும் இல்லாத பதில். அனுப்புவதற்கு முன் திரும்பப் படித்தபோது, 'அந்த அளவை எட்டவில்லை' என்று நானும் ஒரு கோடு இழுத்திருப்பது கண்ணில் பட்டது. அந்தப் பதில் இன்னும் அனுப்பப்படாமல் கைப்பேசியில் கிடக்கிறது.