300 ரூபாய் ஆட்டோவும் நிறம் மாறிய ரோஜாவும்

முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம்தான் ரோஜா. ஊட்டி பேருந்து நிலையத்திலிருந்து ரோஜா பூங்காவுக்கு 300 ரூபாய். "சீசன்க்கா, வேற யாரைக் கேட்டாலும் இதேதான்" என்றார். மதுரையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த இடுப்பு, பேரம் பேச விடவில்லை. ஏறிச் சாய்வதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார். திரும்பும்போது நடந்தே வந்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வயிறு எரிகிறது.

மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் பிடித்த பேருந்தில் என் பக்கத்து ஜன்னல் கடைசிவரை மூடவே இல்லை. குன்னூர் தாண்டியதும் சாரல் நேராக மடியில். ஒரு நல்லது, பேருந்தில் போனால் இ-பாஸ் தொல்லை கிடையாது.

இத்தனை பாடும் எதற்கு? மொட்டை மாடியில் இரண்டு ரோஜாச் செடிகள் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தன. ஒன்று டபுள் டிலைட். வெண்ணெய் நிறத்தில் நடுவும், விளிம்பில் ரத்தச் சிவப்பும் என்று படத்தைக் காட்டி விற்றார்கள். எனக்குப் பூத்ததெல்லாம் வெறும் வெண்ணெய். "வேற செடியைக் கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று நர்சரிக்காரரிடம் தெருவே கேட்கச் சண்டை போட்டேன். இன்னொன்று நல்ல மஞ்சள் ரோஜா. இந்த வருஷம் அதில் திடீரென்று கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. செடி நிறம் மாறிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா பார்க்கக் கூட்டமே சேர்த்துவிட்டார்.

பூங்கா எல்க் ஹில் சரிவில் ஐந்து அடுக்காக இறங்குகிறது. ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995இல் தொடங்கியது. 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கு விருது கொடுத்திருக்கிறது. சும்மா கொடுக்கவில்லை என்று மேல் அடுக்கில் நின்றால் தெரியும். எங்கள் ஊர் வெயிலில் வெளிறிக் கிடக்கும் இளஞ்சிவப்பு இங்கே அடர்ந்து நிற்கிறது. குளிரில் ரோஜா இதழில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி கூடும், சூட்டில் குறையும். ஒரே செடி மார்கழியில் ஒரு நிறமும் சித்திரையில் ஒரு நிறமும் காட்டுவது இதனால்தான். அது செடி மாறியதாகாது.

மூன்றாவது அடுக்கில்தான் நின்றுவிட்டேன். இளஞ்சிவப்புப் புதர் ஒன்று. அதில் ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளை வரி ஓடிய பூக்களோடு! களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இது மட்டும் ஏன் இப்படி?"

"அந்தக் கொப்பு போன வருசமும் அப்படித்தாங்க பூத்துச்சு. ஸ்போர்ட்டும்பாங்க."

வேறு வேலை இல்லாதவர்போல முக்கால் மணி நேரம் பேசினார். தளிர் நுனியில் ஒரு செல்லின் மரபணுவில் சடுதிமாற்றம் நடந்தால், அதிலிருந்து வளரும் கிளை முழுக்க வேறு நிறத்தில் பூக்கும். அந்தக் கிளையின் துளிர்க்கும் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டினால் புது ரகம். "நிக்குமாண்ணா?" என்றேன். "நிக்கலாம், பழையபடி திரும்பியும் போயிரும்" என்றார். மாற்றம் பல நேரம் திசுவின் ஒரு அடுக்கில் மட்டும்தான் இருக்கும், அதனால் இந்த நிச்சயமின்மை.

ஊருக்கு வரும் வழியெல்லாம் இதையே போனில் படித்துக்கொண்டு வந்தேன். பிரான்ஸின் ரோஜா வளர்ப்பாளர் மெய்யாங் உருவாக்கிய பீஸ் ரோஜாவின் ஒரு கிளை அமெரிக்காவில் மாறி, 1962இல் சிகாகோ பீஸ் ஆனது. ஜெர்மனியின் வெள்ளை ஐஸ்பெர்க் டாஸ்மேனியாவில் ஒரு தோட்டத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்க, அந்த வழியில் பிறகு ஒயின் சிவப்பில் பர்கண்டி ஐஸ்பெர்க்கும் வந்தது. நிறம்தான் மாற வேண்டும் என்றில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பூத்த கொடி ரோஜா ஒன்றின் ஸ்போர்ட் விடாமல் பூக்க ஆரம்பித்தது. நியூ டான் என்ற அதற்குத்தான் 1931இல் அமெரிக்காவின் முதல் தாவரக் காப்புரிமை. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் இயற்கைக்காகக் காத்திருக்கவில்லை. கிஸ் ஆஃப் ஃபயர் ரோஜாவில் மாற்றத்தைத் தூண்டி அபிசாரிகா என்ற வரி ரோஜாவை எடுத்தார்கள்.

என் செடிகளின் கதையையும் அந்தப் பூங்காப் பெரியவரிடமே கேட்டிருந்தேன். வெள்ளைப் பூ எங்கிருந்து முளைக்கிறது என்றார். அடியிலிருந்து என்றேன். சிரித்தார். ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே வேர்ச்செடி, அதாவது மஞ்சளை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேறு ரோஜா, துளிர்த்து மேலே உள்ள மஞ்சளை அமுக்கிவிட்டதாம். வெட்டினால் மறுபடி முளைக்கும், மண்ணை விலக்கி, வேரில் முளைத்த இடத்திலேயே பிய்த்தெடுக்கணும். டபுள் டிலைட்டுக்கு ஒரே கேள்வி: "மேல கூரை இருக்குங்களா?" இருக்கிறது. பாலிகார்பனேட் ஷீட், பன்னிரண்டாயிரம் செலவு. அந்தச் சிவப்பு வர வெயிலின் புற ஊதாக் கதிர் படவேண்டும், ஷீட் அதைத்தான் தடுக்கிறது.

ஆக, நர்சரிக்காரர் யோக்கியர். இதை நினைத்துக்கொண்டே கால் கிலோ ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் சூடான டீயும் வாங்கினேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கி. டீயில் நனைத்தால் ஊறி உடையாமல் அடுக்கடுக்காகப் பிரிகிறது, பயணத்தில் கொடுத்த காசுக்கு மதிப்பான ஒரே சாப்பாடு. மதியம் சாப்பிட்ட 180 ரூபாய் மீல்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வந்த மறுநாளே டபுள் டிலைட் தொட்டியை ஷீட்டுக்கு வெளியே நகர்த்திவிட்டேன். மூன்று மொட்டு விட்டிருக்கிறது. நர்சரிக்காரருக்கும் அரைப் பொட்டலம் வர்க்கி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. 220 ரூபாய்க்கு இன்னொரு செடியைத் தலையில் கட்டி அனுப்பினார்.