மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குச் சான்றிதழ் பெற்ற அனுபவம்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் நான் உறுப்பினராக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், 2024 சம்பா பருவத்துக்கு முன்னால் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்தபோது, அதை இயக்குவதற்கு உறுப்பினர்களில் ஒருவர் முறையாகப் பயிற்சி பெற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நானே முன்வந்தேன். ஏக்கருக்குப் பத்து டேங்க் என்ற கணக்கில் கைத்தெளிப்பானைத் தோளில் சுமந்து சேற்றில் நடந்தவர் என் அப்பா. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு மருந்தடித்துவிட்டு வந்த இரவுகளில் அவர் கண்ணெரிச்சல் தாங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

முதலில் விதிகளைப் படித்தேன். இந்தியாவில் ட்ரோன் பறத்தல் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளுக்கு உட்பட்டது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேற்பட்டது லார்ஜ் என்று எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். நானோ வகைக்கும், வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிடும் மைக்ரோ வகைக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை; மற்றவற்றுக்குக் கட்டாயம். 10 லிட்டர் தொட்டி பொருத்திய வேளாண் ட்ரோன் ஸ்மால் வகைக்குள் வருகிறது. சேர விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் சான்றிதழ் எந்த வகைக்கு வழங்கப்படுகிறதோ அந்த வகைக்கு மட்டுமே செல்லும். என்னோடு பயிற்சி பெற்ற திருமணப் புகைப்படக்காரர் ஒருவர், கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று முன்பு மைக்ரோ வகையில் சான்றிதழ் பெற்றிருந்தார். பிறகு நில அளவைப் பணிக்குப் பெரிய ட்ரோன் தேவைப்பட்டதால் மறுபடியும் பணம் கட்டி ஸ்மால் வகைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

பயிற்சியில் சேரும் முன்பே ஒரு தவறு நேர்ந்துவிடப் பார்த்தது. எங்களை அணுகிய விற்பனையாளர் ஒருவர், உள்ளூரிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ட்ரோனைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், வயலில் பறப்பதற்கு எந்தப் பதிவும் வேண்டாம் என்றும் உறுதியாகச் சொன்னார். அது உண்மையில்லை. ட்ரோனுக்கு வகைச் சான்று, அதாவது அந்த மாடல் சோதனையில் தேறியது என்பதற்கான சான்று, இருக்க வேண்டும், அரசின் இணையதளத்தில் பதிந்து தனி அடையாள எண் பெற வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் எடுக்க வேண்டும். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த விதிப் பகுதிகளை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகுதான், வகைச் சான்று பெற்ற ட்ரோனையே வாங்குவது என்று முடிவானது.

பயிற்சிக்கான தகுதி எளிமையானது: வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். முன்பு பாஸ்போர்ட் கட்டாயமாக இருந்தது. 2023 செப்டம்பரில் செய்த திருத்தத்தால் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றையும் ஏற்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத என் போன்ற விவசாயிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்தத் திருத்தமே. ஆனால் என்னை மூன்று வாரம் அலைய வைத்தது வேறொன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது. அடையாள அட்டையிலோ அப்பாவின் முழுப்பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நிரூபிக்க, அடையாள அட்டையைத் திருத்தி வாங்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் பலருக்கும் இந்தச் சிக்கல் இருக்கும் என்பதால், பணம் கட்டும் முன்பே இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஐந்து நாள் பயிற்சி. முதல் இரண்டு நாள் வகுப்பறையில் விதிகள், வான்வெளி, வானிலை, பறத்தலின் அடிப்படை, அவசரநிலைச் செயல்பாடு ஆகியவற்றை நடத்தி எழுத்துத் தேர்வு வைத்தார்கள். கவனித்துக் கேட்டவர்களுக்கு அது கடினமில்லை. மூன்றாம் நாள், கணினியிலேயே பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டரில் கழிந்தது.

நான்காம் நாள் மைதானத்தில்தான் என் கை நடுங்கியது. ஜிபிஎஸ் இயங்கும்போது ட்ரோன் தானாகவே ஓரிடத்தில் நிற்கும். அதை அணைத்துவிட்டால் காற்று போகும் பக்கமெல்லாம் நழுவும், நாம்தான் கணந்தோறும் பிடித்து நிறுத்த வேண்டும். ட்ரோனின் வால் நம் பக்கம் இருக்கும்வரை இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருப்பதால் சமாளித்துவிடலாம். அதன் முகம் நம்மை நோக்கித் திரும்பியதும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ட்ரோன் என் வலப்பக்கம் நழுவ, நான் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ள, அது இன்னும் வேகமாக வலப்பக்கம் ஓடியது; இரண்டு முறை பயிற்றுநர் ரிமோட்டை வாங்கி இறக்கினார். மூன்றாம் முறை அவர், "உங்க ஊர்ல வாழை போடுவீங்கல்ல? வாழை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுப்பீங்க? முகம் நம்மளப் பார்த்து நிக்கும்போது ஸ்டிக்கையும் அந்தப் பக்கமே தள்ளுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் விரல்கள் யோசிப்பதை நிறுத்தின. மாலைக்குள் ட்ரோனைப் பறக்கவிட்டுச் சதுரம் போட்டேன். மறுநாள் காலை எட்டு வடிவமும் போட்டேன்.

பேட்டரியைப் பற்றி அங்கே கற்றதை இன்றும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட் காட்டும். அப்படியே நாள்கணக்கில் வைத்திருந்தால் பேட்டரி உப்பிக்கொள்ளும் என்பதால், வேலை இல்லாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். பயிற்றுநர் உப்பிய பேட்டரி ஒன்றை எங்கள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். புளித்த மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்குவதுபோல அதன் உறை எழும்பியிருந்தது. அப்படிப்பட்டது எந்த நேரமும் தீப்பிடிக்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் முடிந்து, சில நாட்களில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் என் சான்றிதழ் வந்துவிட்டது. அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான்; செலவெல்லாம் பயிற்சிக்கே. சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஐந்து நாளில் ட்ரோனைப் பறக்கவிடத்தான் கற்கிறோம், மருந்து தெளிக்க அல்ல. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் பைலட் பயிற்சிக்கு 5 நாளும் வேளாண் தெளிப்புக்குத் தனியாக 10 நாளும் ஒதுக்கியிருப்பது மிகச் சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. நானும் ஒரு பருவம் முழுக்க வெறும் தண்ணீரைத் தெளித்துப் பழகினேன்.

ஊருக்கு வந்ததும் முதலில் விளக்க வேண்டியிருந்தது, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வான்வெளி வரைபடத்தைத்தான். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும் சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் நகரை ஒட்டி நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சிலரின் வயல்கள் பச்சைக்கு வெளியே விழுந்தன. "ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலதானே பறக்குது, இதுக்கு என்ன அனுமதி?" என்று அவர்கள் வருந்தியது நியாயமாகவே பட்டது. ஆனால் விமானத் தளத்துக்கு அருகில் கட்டுப்பாடு தரையிலிருந்தே தொடங்குகிறது. அந்த வயல்களுக்கு இன்றும் நாங்கள் ட்ரோனைக் கொண்டுபோவதில்லை.

முதன்முதலாக மருந்தோடு பறந்தது எங்கள் வயலில், இலைச்சுருட்டுப் புழுவுக்காக. விடியற்காலையில் காற்று அடங்கியிருந்தபோது வரைபடத்தைச் சரிபார்த்து, மின்கம்பி போகும் பக்கத்தில் கொடி நட்டு, அப்பாவைக் காற்று வரும் திசையில் உள்ள வரப்பில் நிற்கச் சொன்னேன். பயிருக்கு மேல் இரண்டரை மீட்டரில் ட்ரோன் போய் வர, ஒரு ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அப்பா வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடித்து, அடித்தோகையைத் திருப்பி ஈரம் பட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். கையுறை போடாமல் தொட்டதற்காக அவரைக் கடிந்துகொண்டு, வாய்க்காலில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டு, பறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினேன்.