சதர்லாந்துக் கரையோரம்: இரண்டு நாய், ஒரு வண்டி

மே 10, 2025, சனி. அல்லபூல்

காலையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கிளம்பி, இன்வர்னஸில் டீசல், பால், நாய்ச் சாப்பாடு எல்லாம் ஏற்றிக்கொண்டோம். அதற்கு வடக்கே போகப் போகக் கடைகள் குறையும், விலை கூடும். சாயங்காலம் அல்லபூல் துறைமுகத்தில், ஸ்டோர்னவே போகும் கப்பல் கிளம்புவதைப் பார்த்தபடி வண்டிக்குள்ளேயே டீ.

உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள இந்த வண்டியில் நான், இவர், ராணி, பட்டாணி. ராணி பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய சாதி. வீட்டில் இருக்கும்போது நாள் முழுக்கச் சோபாவில் கிடக்கும். பட்டாணி பார்டர் டெரியர், முழங்கால் உயரம்கூட இல்லை. குரைப்பு மட்டும் ஊருக்கே கேட்கும்.

இந்த வடமேற்குக் கரையோரச் சாலைக்கு 2015-இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் சூட்டி விளம்பரப்படுத்தினார்கள். 516 மைல் சுற்று. அதிலிருந்து கோடையில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் கூட்டத்தோடு மிட்ஜும் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிப்பூச்சி. காற்று அடங்கிய சாயங்காலத்தில் கதவைத் திறந்தால் போதும், அன்றைக்குத் தூக்கம் போச்சு. அதனால்தான் மே மாதம். ஆனால் மே மாதம் ஆட்டுக்குட்டிகளின் காலம், தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலமும்கூட. நாய்க்காரர்களுக்கு இதில் பாதி வசதி, பாதி வம்பு.

மே 11, ஞாயிறு. அக்மெல்விக்

லாக்கின்வரிலிருந்து உள்ளே போகும் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை நட்டிருக்கிறது. அது ஒதுங்கி நிற்க மட்டும்தான், வண்டியை விட்டுவிட்டுப் படமெடுக்கப் போவதற்கு அல்ல. ஒரு வாடகை வேன் அப்படித்தான் நின்றிருந்தது, உள்ளே ஆள் இல்லை. பின்னால் தபால் வண்டி, ஆட்டுத் தீவனம் ஏற்றிய டிராக்டர், நாங்கள்.

கடற்கரையைக் குறை சொல்ல முடியாது. சிப்பி நொறுங்கி நொறுங்கியே உண்டான வெள்ளை மணல், அதன்மேல் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். ஆனால் கார் நிறுத்துமிடம் பதினோரு மணிக்கே நிரம்பிவிட்டது. மணலில் பந்து, பாய், பாட்டு. நாய் எதுவரை போகலாம் என்று வாசலில் ஒரு பலகை.

"ஏங்க, அந்தப் பலகையைப் படிச்சீங்களா?"

"நீயே படி. நான் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கேன்ல."

ஆறு மீட்டர் வண்டியைத் திருப்பி வெளியே கொண்டுவருவதற்குள் இவருக்கு வியர்த்துவிட்டது. இங்கிருந்து வடக்கே போகும் பி869 சாலை ஏற்றமும் வளைவுமாக இருக்கும். பெரிய வண்டிகள் வேண்டாம் என்பார்கள். வந்த வழியே திரும்பி, கைல்ஸ்கு பாலம் வழியாக வடக்கே. 1984-இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே படகில்தான் வண்டியை ஏற்றிக் கடத்துவார்களாம்.

செல்பேசி ஆப்பில் குத்தி வைத்திருக்கும் 'ரகசியக் கடற்கரை' எதையும் இனி நம்புவதில்லை. ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்ட பிறகு அதில் என்ன ரகசியம்?

மே 13, செவ்வாய். ஓல்ட்ஷோர்மோர்

கின்லாக்பெர்வி மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டிச் சிறிது தூரம். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்தச் சின்ன இடம். அங்கிருந்து மணல்மேட்டைத் தாண்டினால் கடல். எங்களுக்கு முன்பே ஒரு மூதாட்டியும் அவருடைய லாப்ரடாரும். அவ்வளவுதான் கூட்டம்.

இங்கே தங்குவதைப் பற்றிப் பலர் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிறவரை, பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் யார் வேண்டுமானாலும் போகவும், கூடாரம் போட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. அது நடந்து போகிறவர்களுக்கு, சைக்கிளில், குதிரையில், படகில் போகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு இல்லை. 'இங்கே எங்கே வேண்டுமானாலும் வண்டியைப் போட்டுத் தூங்கலாம்' என்று யாராவது சொன்னால் அது கூடாரத்துக்கான சட்டம். கூடவே வரும் நாய்க்கு அந்த உரிமை உண்டு, கட்டுப்பாட்டில் இருந்தால்.

ஆகவே ராத்திரிக்கு ஒரு குரோஃப்டரைக் கேட்டோம். குரோஃப்ட் என்பது சிறு குத்தகை நிலம். கொஞ்சம் ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, மீதிக்கு வேறு வேலை. பெரியவர் வேலி ஓரமாக ஒரு மூலையைக் காட்டினார். ஓர் உண்டியல் இருந்தது, போட்டோம். அவர் கண் முழுக்க ராணிமேல்.

"இது ஓடுமா?"

"ஓடும். அதனால்தான் கயிறு."

"நல்லது," என்றவர், வேலிக்கு அந்தப்பக்கம் குட்டிகளோடு நின்ற ஆடுகளைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. 2021-இல் வந்த திருத்தச் சட்டப்படி, நாய் கால்நடையைத் துரத்தினாலோ கடித்தாலோ 40,000 பவுண்டு வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை. கடிக்கக்கூட வேண்டாம், சினையாடு பயந்து ஓடினாலே குட்டி போய்விடும்.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். நாய்களுக்குத் தூக்கம் வரவில்லை, ஜன்னலுக்குத் திரை போட்டு ஏமாற்றினோம்.

மே 14, புதன். சாண்ட்வுட்

இதற்காகத்தான் வந்தோம்.

பிளேர்மோரில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஒரு வழி நான்கு மைல், போக வர 13 கிலோமீட்டர். சாலை கிடையாது, வேறு குறுக்கு வழியும் கிடையாது. 1993 முதல் இது ஜான் மியூர் அறக்கட்டளையின் நிலம். இந்த நான்கு மைல்தான் இந்தக் கடற்கரையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாசல் வரை கார் போயிருந்தால் இதுவும் அக்மெல்விக்தான்.

பாதை முதலில் சலிப்பு. பீட் என்கிற கறுப்புச் சதுப்பு மண், ஹீதர் புதர், இடையிடையே கரிய ஏரிகள். வாரக்கணக்கில் மழை இல்லாததால் வழக்கமாகச் சேறாக இருக்கும் இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது. காட்டுத்தீ எச்சரிக்கையும் இருக்கிறது; அடுப்பு எதுவும் எடுத்துப் போகவில்லை. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நாய்களுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

வெயில் காய்கிற கல்லில் ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. ஆடர் என்பார்கள், பிரிட்டனில் உள்ள ஒரே விஷப்பாம்பு. முதுகில் கோணல்மாணலாகக் கறுப்புக் கோடு. நல்லவேளையாக முதலில் பார்த்தது இவர். பட்டாணியின் மூக்கு எல்லாப் பொந்துக்குள்ளும் நுழைகிற மூக்கு. அதைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு சுற்றிப் போனோம். பாம்பு அசையவே இல்லை.

பாதை இறங்கும் இடத்தில் திடீரென்று எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது: மணல்மேடுகள், அதன் பின்னால் ஒரு நன்னீர் ஏரி, முன்னால் ஒன்றரை மைல் நீளத்துக்கு இளஞ்சிவப்புச் சாயல் மணல், தெற்கு முனையில் கடலுக்குள் தனியாக நிற்கும் ஆம் புவாஹல் பாறைத் தூண். கேலிக் மொழியில் அதற்கு 'மேய்ப்பன்' என்று பொருள். 1967-இல்தான் முதன்முதலில் அதன்மேல் மனிதர் ஏறினார்கள்.

முந்தாநாள் பௌர்ணமி, அதனால் கடல் நன்றாக உள்வாங்கும். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் வற்றம் என்று அட்டவணை பார்த்துத்தான் கிளம்பினோம். வற்றும்போது வெளிப்படும் ஈர மணல் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். கிரேஹவுண்டின் மெல்லிய கால்களுக்கு அதுதான் ஏற்ற தரை. மேலே உள்ள பொதி மணலில் ஓடவிட்டால் சுளுக்கிக்கொள்ளும். பத்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் ராணி வட்டமடித்தது, நடுவில் நான் ராட்டினக் கம்பம். அலையை மட்டும் கிட்டவே சேர்க்கவில்லை. இழுப்பு பலமான கடல், உதவிக்கு ஆளும் கிடையாது, செல்பேசிக்குச் சிக்னலும் இல்லை. கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுப்பது பட்டாணியின் பழைய வழக்கம், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நல்ல தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தோம்.

ஆட்கள்? தூரத்தில் இரண்டு கூடாரம். வடக்குப் பாறையோரம் புள்ளியாக ஒருவர். மூன்று மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

திரும்பும்போது கடைசி மைலில் ராணி நின்றுவிட்டது. உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. பந்தய நாய்க்கு அரை நிமிட வேலைதானே பழக்கம்! இவர் பாதையோரம் தன் கோட்டைக் கழற்றி விரித்து, அதைப் படுக்க வைத்து, மீதி எலுமிச்சை சாதத்தை என்னோடு பங்கு போட்டுச் சாப்பிட்டார். இருபது நிமிடம் கழித்து ராணி தானாக எழுந்து, எங்களுக்கு முன்னால் நடந்தது.

மே 15, வியாழன்

துணி, தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கேசட் (வண்டிக் கழிவறையின் கழிவு சேரும் பெட்டி). கேசட்டைக் காலி செய்ய அதற்கென்றே உள்ள இடம் தேடித்தான் இன்றைக்குச் சுற்றியதெல்லாம். கண்ட ஓடையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களால்தான் ஊர்க்காரர்கள் வெள்ளை வண்டியைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்.

உண்ணி சோதனை: ராணி 2, பட்டாணி 7.

மே 16, வெள்ளி. டர்னஸ்

நேற்று மாலை வந்தபோது கெனாபின் கடற்கரை மேலே சாலையோரம் பத்துப் பதினைந்து கார். தலைக்கு மேலே கம்பியில் தொங்கிச் சறுக்கும் விளையாட்டு வேறு. இன்று காலை ஐந்து மணிக்கு அதே இடத்துக்குப் போனோம். மே மாதத்தில் அப்போதே சூரியன் வந்துவிடும். ஒரு பிராணி இல்லை. ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு சிப்பி பிடிப்பான் பறவை மட்டும் ஆரஞ்சு அலகைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தது. ஏழரைக்கு முதல் கார்க் கதவுச் சத்தம் கேட்டது, நாங்கள் கிளம்பிவிட்டோம். சாண்ட்வுட்டுக்குக் காலால் கொடுத்ததை இங்கே தூக்கத்தால் கொடுத்தோம்.

சாலைக்கு மேலே இடிந்த வீட்டுச் சுவர்கள். 1841-இல் இந்த ஊரைக் காலி செய்யச் சொல்லி ஓலை வந்தது. ஆண்கள் பெரும்பாலும் வெளியே புல் அறுக்கப் போயிருந்த நேரம். வந்த அதிகாரியைப் பெண்கள் மடக்கி, அந்தக் காகிதத்தைக் கொளுத்திவிட்டார்கள். அதிகாரிகள் மறுபடி வந்தபோதும் ஊர் எதிர்த்து நின்றது. கடைசியில் ஊர் காலியாகத்தான் ஆனது. சுவருக்குள் இப்போது ஆடு படுத்திருக்கிறது.

மே 18, ஞாயிறு. பெட்டிஹில்

டாரிஸ்டேல் விரிகுடா. நேவர் ஆறு ஒருபக்கம், போர்கி ஆறு மறுபக்கம், நடுவே அகன்ற மணல். ஊரிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரிகிறது, ஆனால் போய்ச் சேர நடக்க வேண்டும். வழக்கம்போல வண்டியைத் தூரத்தில் விட்டோம்.

மணலும் கூழாங்கல்லும் கலந்த ஓரிடத்தில் ஓர் உப்புக்கொத்தி எங்கள் முன்னால் வந்து விழுந்தது. ஒரு சிறகை விரித்து இழுத்துக்கொண்டு, ஒடிந்ததைப் போல நொண்டி நொண்டிப் போனது. பட்டாணி கயிறு அறுந்துவிடும்போலத் துள்ளியது. இது நடிப்பு என்று தெரியும். பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்று தரையைப் பார்த்தோம். இவர் காலிலிருந்து இரண்டடியில் நான்கு முட்டை. கூடு என்று புல்லோ குச்சியோ இல்லை, கல்லுக்கு நடுவே ஒரு சின்னக் குழி. மணல் நிற ஓட்டில் கறுப்புப் புள்ளி. கூர்ந்து பார்க்காவிட்டால் அதுவும் கூழாங்கல்தான். நான்கின் கூர்முனையும் உள்நோக்கி இருந்தன. வந்த கால்தடத்திலேயே மெல்லப் பின்வாங்கினோம். நாற்பது மீட்டர் தள்ளிப் போனதும் பறவைக்குச் சிறகு சரியாகிவிட்டது, ஓடிப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆள் இல்லாத கடற்கரை என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். இந்த உப்புக்கொத்திக்கு இது நெரிசல் மிகுந்த நாள். அதன்பின் ஈர மணலை விட்டு மேலே ஏறவே இல்லை.

இந்த ஊரின் பெயர்கூடச் சீமாட்டியின் பெயர்தான். சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத், செல்லமாக பெட்டி. 1814-லும் 1819-லும் இந்த நேவர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து குடிகளைக் கிளப்பி, செவியட் ஆடுகளுக்கு மேய்ச்சலாக்கினார்கள். கூரைக்குத் தீ வைத்ததாக எழுந்த வழக்கில், எஸ்டேட்டின் நிர்வாகி பாட்ரிக் செல்லர் 1816-இல் இன்வர்னஸ் நீதிமன்றத்தில் விடுதலையானார். துரத்தப்பட்டவர்களுக்குக் கடலோரத்தில் துண்டு துண்டாக நிலம் கொடுத்து, மீன் பிடித்துப் பிழையுங்கள் என்றார்கள். உழுதும் மாடு வளர்த்தும் வந்தவர்கள். பலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள்.

"அப்ப, நாம தேடி வர்ற இந்த அமைதி ஆடு மேய்ச்சு உண்டாக்கினதுதானா?" என்றார் இவர்.

"பாதி அப்படித்தான்."

ஆட்டுக்காக ஆளையே விரட்டிய மண்ணில், ஆட்டுக்காக நாயை இறுக்கிப் பிடித்தபடி நடந்தோம். பெரியவரின் வேலியோர ஆடுகளுக்கு இதில் பங்கில்லை, அவரும் அந்தக் கடலோரத் துண்டு நிலத்தில்தான் பிழைக்கிறார்.

நாளைக்கு தர்சோ. கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் மாற்ற வேண்டும். ராணியின் இடது முன்காலில் நகம் ஒன்று உடைந்திருக்கிறது, கட்டுத்துணியும் வாங்க வேண்டும். அதன்பின் டன்னெட் விரிகுடாவா, நேரே தெற்கே திரும்புவதா என்பது அந்த நகத்தைப் பொறுத்தது.