மூன்றாவது ஸ்டார்ட்டர்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

காலை ஏழரைக்கே கோலாலம்பூர் செகாம்புட்டிலிருந்து ஆப்பரேட்டர் அண்ணன் போன். “தம்பி, ஜெங்காவுட் முக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. தீபாவளிக்குள்ள மண்ண அள்ளி முடிக்கணும், தவுக்கே கத்துறாரு.”

ஜெங்காவுட் என்றால் மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர். மெஷின் ஹிட்டாச்சி இஎக்ஸ்200-5, உள்ளே இசுசு 6பிஜி1 எஞ்சின். ஏப்ரலில் ஒரு ஸ்டார்ட்டர், ஆகஸ்டில் இன்னொன்று மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவதை வாங்கவும் முதலாளி தவுக்கே தயார். கொஞ்சம் பொறுங்கள் என்று மீட்டரை எடுத்தேன்.

சும்மா இருக்கும்போது 25.2 வோல்ட். இரண்டு பேட்டரியும் நிறைந்துதான் இருக்கின்றன. ஆனால் சும்மா இருக்கும் வோல்ட்டை நம்பி யாரும் பிழைத்ததில்லை. அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொல்லி, எஞ்சின் முக்கும்போதே அளந்தேன். பேட்டரியில் 22.1. ஸ்டார்ட்டரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பி டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 18.6. மூன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. பாசிட்டிவ் கேபிளில் 0.4 மட்டும், மீதி 3.1-உம் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். அரை வோல்ட் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன்.

எர்த் போல்ட்டைத் தேடவே அரை மணி நேரம். மண் அப்பி, அதற்கு மேல் யாரோ மஞ்சள் பெயின்டும் அடித்திருந்தார்கள். கழற்றினால் கேபிள் முனையின் லக் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, மணல்தாளால் தேய்த்து, இறுக்கினேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சாவியை விட்ட பிறகும் ‘ஙீ’ என்று மெல்லிய சத்தம் ஒரு நொடி இழுத்தது. கேட்டும் கேட்காதது போல் வந்துவிட்டேன். மழையும் இறங்கத் தொடங்கியிருந்தது.

15, புதன்

மத்தியானம் மறுபடி போன். ஸ்டார்ட் ஆன பிறகும் ஊளைச் சத்தம் நிற்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. இப்போது சாவி போட்டால் ‘டக்’ மட்டும்தான்.

நேற்றைய அந்த ஒரு நொடிதான். வேறென்ன.

16, வியாழன்

ஸ்டார்ட்டரைக் கழற்றி வர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். என்னோடு வேலை பழகும் தம்பியை விட்டே பிரிக்கச் சொன்னேன், அவனும் பார்க்கட்டும் என்று. உறையின் உள்பக்கம் முழுக்க ஈயப்பற்று வெள்ளிப் பொட்டுகளாகத் தெறித்து ஒட்டியிருந்தது. உள்ளே சுற்றும் ஆர்மேச்சரின் செம்புக் கம்பிகள் காற்றில் திரும்பிய குடை மாதிரி வெளியே விரிந்து கிடந்தன. ஸ்டார்ட்டர் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் பக்கத்து கிளட்ச் நீலம் பாரித்து இறுகிவிட்டது.

வோல்ட் குறைந்து எரிந்த ஸ்டார்ட்டர் இப்படி இருக்காது. கம்பி கருத்திருக்கும், பிரஷ் தீய்ந்திருக்கும், ஆனால் விரியாது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் பினியன் விலகாமல் எஞ்சினின் பெரிய பல்சக்கரமான ரிங் கியரோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது. பல் எண்ணிக்கையில் ரிங் கியர் பத்து மடங்குக்கும் மேல், அதனால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பினியன் பத்துக்கும் மேல் சுற்றும். முதலில் கிளட்ச் கொஞ்ச நேரம் தாங்கும், அது இறுகிவிட்டால் ஆர்மேச்சர் சிதறும்.

சாயங்காலம் சைட்டுக்குப் போய், ஸ்டார்ட்டரை இயக்க ரிலேயிலிருந்து சி டெர்மினலுக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பி விட்டேன். சாவி திரும்பி வந்துவிட்டது, ஒயரில் 24 வோல்ட் அப்படியே இருந்தது. ஸ்டார்ட்டர் ரிலேயின் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எர்த் கெட்டு வோல்ட் விழுந்தபோதெல்லாம் ரிலே படபடவென்று அடித்துத் தீப்பொறி தின்றிருக்கும். எர்த்தைச் சரிசெய்தேனே தவிர, அது கெடுத்து வைத்ததைப் பார்க்கவில்லை.

17, வெள்ளி

சான் சோ லின் பக்கம் ஸ்பேர் கடை. பழையதைக் கையோடு தூக்கிக்கொண்டு போனேன். மாடல் நம்பரை மட்டும் சொல்லி வாங்கிப் பட்டது போதும். 24 வோல்ட், 4.5 கிலோவாட், பல் 11. கடைக்காரர் பாதி விலையில் ஒரு காப்பியை எடுத்து வைத்தார். பல் சரி, போல்ட் துளையும் சரி. ஃபிளாஞ்சிலிருந்து பினியன் நுனி வரை அளந்தால் நாலு மில்லிமீட்டர் குறைவு. “ஓடும் பாஸ், எல்லாரும் இதைத்தான் போடுறாங்க.” ஓடும்தான், பல்லின் ஓரத்தை மட்டும் கடித்துக்கொண்டு.

ஒரிஜினல் உடம்பில் ஆர்மேச்சர், பிரஷ், கிளட்ச் மாற்றிய ரீகண்டிஷன் ஒன்றை எடுத்தேன். கூடவே புது ரிலே, 70 சதுர மில்லிமீட்டர் எர்த் கேபிள்.

18, சனி

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே வேலை. தம்பிக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மாட்டுவதற்கு முன் எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வைத்து ரிங் கியரைப் பார்த்தோம். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் மூன்றே இடத்தில்தான் வந்து நிற்கும், தேய்மானமும் அங்கேதான். ஒரு இடத்தை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து ‘ஓகே’ என்பது ஏமாற்று வேலை. இரண்டு இடத்தில் ஓரம் மழுங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். அதைத் தவுக்கேயிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

இழுக்கும்போது எர்த் பக்கம் 0.2 வோல்ட்தான் தொலைகிறது. பத்து முறை ஸ்டார்ட் செய்தோம், நடுவில் ஆறவிட்டு. ஒவ்வொரு முறையும் சாவியை விட்டதும் காதை எஞ்சின் பக்கம் கொடுத்து நின்றேன். ஊளை இல்லை.

19, ஞாயிறு

பில் எழுதினேன். ஸ்டார்ட்டர், ரிலே, கேபிள், சனிக்கிழமைக் கூலி. செவ்வாய்க்கிழமைக் கூலியைப் போடவில்லை. ஏன் என்று தவுக்கே கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, தம்பி கையில் ஒரு முறுக்கு டின்னைக் கொடுத்தார்.