மைசன் ஏலத் தட்டு: பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

பணம் கணக்கில் ஏறிவிட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஜெர்மனியில் பழைய பீங்கான் ஏலம் கேட்கப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பதிவு, ஏலம், பணம் கட்டுவது எல்லாம் சுலபம். தட்டின் நடுவே ரோஜாவும் டூலிப்பும், ஓரத்தில் சிதறிய சின்னப் பூக்கள். 'மைசன், மார்கோலினி காலம், ஆலை ஓவியம்' என்று ஏல நிறுவனம் பட்டியலில் போட்டிருந்தது. அதாவது ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையை மார்கோலினி நடத்திய 1774 முதல் 1814 வரையான காலம், பூவும் ஆலையிலேயே வரைந்தது. அந்தக் காலத் தட்டின் அடியில் ஆலை முத்திரையான நீலக் குறுக்கு வாள்களோடு ஒரு நட்சத்திரம் இருக்கும். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முன்கூட்டியே எழுதினேன். "வயதுக்கேற்ற நல்ல நிலை" என்று ஒரு வரிதான் வந்தது. மறுபடி கேட்டாலும் அதே வரி.

பார்சலைப் பிரித்துத் தட்டைத் திருப்பினால், நட்சத்திரம் இருக்கிறது, கூடவே வாள்களின் குறுக்கே வெட்டுக்கோடும் இருக்கிறது! ஆலையே கீறிவிடும் கோடு அது. ஒன்று இரண்டாம் தரம். இல்லையென்றால் பூ வரையாமல் வெள்ளையாகவே விற்றுத் தள்ளியது. வெளியாள் பிற்பாடு பூ வரைந்திருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

ஏல நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பேசிய பெண், "ஏலத்தில் எடுத்ததைத் திருப்ப முடியாது" என்று வைத்துவிட்டார். இணையக் கடையில் வாங்கியதைத் திருப்பித் தர உள்ள 14 நாள் உரிமை பொது ஏலத்துக்குக் கிடையாது, உண்மைதான். ஆனால் அவர்களுடைய ஏல விதிகளிலேயே, விவரம் தவறு என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுப்போம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குக் கெடுவும் உண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

தொழில் வர்த்தகச் சபையின் பட்டியலில் அரசு அங்கீகாரம் பெற்ற, சத்தியப்பிரமாணம் எடுத்த நிபுணர்கள் இருக்கிறார்கள். நான் போனவர் லென்ஸை வைத்து நேரே இலைகளைத்தான் பார்த்தார். பழைய பச்சை செம்பிலிருந்து வருவது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். இதில் இருந்தது கனத்து மந்தமாக நிற்கும் குரோம் பச்சை. பீங்கானில் அது பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். தட்டு மைசன், பூ மைசன் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். (ஓரத்துப் பூச்சியைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், சூளைக் குறையை மறைக்க ஆலை ஓவியர்களே பூச்சி வரைவார்கள்.)

கடிதம் போனதும் குரலே மாறிவிட்டது. முதலில் ஏலத் தொகையை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். கமிஷனும் வேண்டும் என்று விடாமல் நின்றேன், கொடுத்தார்கள். நிபுணர் கட்டணம் என் கையைவிட்டுப் போனது.

திருப்பி அனுப்பும்போது தட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். கட்டும்போதே படம் எடுங்கள். உடைந்தால் 'பேக்கிங் சரியில்லை' என்றுதான் கூரியர்காரர்கள் முதலில் சொல்வார்கள்.