முந்திரிக் காட்டில் கிடைத்த திரைக்கதை

2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கதவை உள்ளிருந்து முதுகால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த வாரம் பண்ருட்டிப் பக்கம் போனேன். காடாம்புலியூர் சாலையின் இருபுறமும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதைப் படமாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றே விழுந்துவிட்டது. ஆனால் முடிந்த வரைவு என்று ஒன்றைக் கையில் எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் நான் எழுதியதெல்லாம் புயலைத்தான். காற்று, கூரை, கடல் என்று இருபது பக்கங்கள் நிறைந்தன. கதையை ஒரே வரியில் சொல்லிப் பார்த்தபோது, ‘தோப்பை இழந்த ஒரு பெண்’ என்பதற்கு மேல் நகரவில்லை. அவளுக்கு நேர்ந்தது அந்த வரியில் இருந்தது, அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது இல்லை. விடையை மரமே தந்தது. முந்திரி ஒட்டுக்கன்று நட்டால் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்புக்கு வரும். அப்படியானால், கணவனை முன்பே இழந்த அந்தப் பெண், மனை போட்டு விற்றுவிடலாம் என்று நச்சரிக்கும் கொழுந்தனை எதிர்த்து, மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை எப்படிக் காப்பாற்றுவாள்? இந்தக் கேள்வி கிடைத்த இரவில் புயல் பக்கங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். படம் இப்போது மறுநாள் காலையில், கோடரிச் சத்தத்தில் தொடங்குகிறது.

பிறகு ஒன்லைன் ஆர்டர், அதாவது காட்சிகளை ஒவ்வொரு வரியாகச் சுருக்கி வரிசைப்படுத்தும் வேலை. காட்சிக்கு ஓர் அட்டையாக எழுபத்து நான்கு அட்டைகளைக் கூடத்துத் தரையில் பரப்பி, ஒன்றை எடுத்தால் அடுத்தது நிற்கிறதா என்று பார்த்தேன். பதினொன்று தேவையற்றவை என்று தெரிந்தது. இடைவேளையை மட்டும் பலமுறை மாற்றினேன். பெரிய சண்டையில் நிறுத்துமாறு நண்பர்கள் சொன்னார்கள். அவள் கன்று வாங்குவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கும் இடத்தில் நிறுத்தினேன். எழுந்து வெளியே போகிறவர் அவளைப் பற்றிய கவலையோடு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழில் எழுதும்போது நான் நம்புவதில்லை. நம் சொற்கள் நீளமானவை, பக்கம் விரைவில் நிறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு காட்சியையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தே நேரம் கணித்தேன்.

மூன்றாம் வரைவை முடித்து, முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். நாயகி வேலை முடிந்து வந்ததும் மகளின் கன்னத்தைத் தடவும் காட்சியில் அவர் கையமர்த்தினார். “தம்பி, கொட்டை ஒடச்ச கையால எவளும் புள்ள கன்னத்தத் தொடமாட்டா. அந்த எண்ணெ பட்டா தோலு வெந்துடும்” என்றார். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தவைதாம். தெரிந்திருந்தும் எழுதும்போது அந்தக் கையை நான் பார்க்கவில்லை. காட்சியைத் திருத்தினேன்: மகள் ஓடிவருகிறாள், தாய் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முழங்கையால் அவளை அணைக்கிறாள். வறுமையைப் பற்றி அவள் பேசிய ஒன்றரைப் பக்க வசனத்துக்கு அதன்பின் வேலை இருக்கவில்லை.

அந்தக் கைகளே முடிவையும் மாற்றின. முந்தைய வரைவுகளில் அவள் கொழுந்தனிடம் நீண்ட பேச்சுப் பேசி வென்றாள். ஐந்தாம் வரைவில் அவள் நிலத்தை எழுதிக்கொடுக்கச் சார் பதிவாளர் அலுவலகம் வரை வந்துவிடுகிறாள். பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைக்கிறாள். ரேகை விழவில்லை, கறுப்புத் திட்டு மட்டும் விழுகிறது. எழுத்தர் மறுபடி வைக்கச் சொல்கிறார். அவள் தன் விரலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே நடக்கிறாள். வசனம் கிடையாது.

அந்த வரைவின் கடைசிக் காட்சிக்கு நான்கே வரிகள்: வெளி, பகல், தோப்பு. இடுப்பளவு வளர்ந்த கன்றுகள். மகள் ஒரு கிளையை வளைத்துக் காட்டுகிறாள். நுனியில் பூ.